பழைய நூலும் புதிய சந்தையும்

உலகத்துப் பொருள்கள் யாவும் ஒருவர் கையிலேயே நிலைத்திருப்பன அல்ல. தந்தை விரும்பி வாங்கிய பொருளை மைந்தன் வேண்டானாகிறான். ஒரு வீட்டிற் குப்பையெனக் கழிக்கப்பட்டது பிறிதொரு வீட்டில் அருநிதியாகப் போற்றப்படுகிறது. இவ்விரு வீடுகட்கும் இடையே நின்று, ஒன்றில் வாங்கி மற்றொன்றில் விற்று, அவ்வேறுபாட்டால் ஊதியம் பெறுவோன் பழம்பொருள் வாணிகன். இவன் தொழில் புதியதன்று. ஆயினும், இணையம் தோன்றிய பின்னர் அஃது அடைந்துள்ள மாறுதல் மிகப் பெரிது. முன்னாளில் ஒரு தெருவினர்க்கு மட்டும் விற்றவன், இந்நாளில் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே கடல் கடந்த நாட்டார்க்கும் விற்கிறான். நம் மாணவருள்ளும் சிலர், படித்து முடித்த பாட நூல்களையும், நடைபாதைக் கடைகளிற் கிடைத்த பழைய நூல்களையும் இணையத்தின் வழியே விற்றுக் கைச்செலவுக்குப் பொருள் ஈட்டி வருகின்றனர். ஆதலின் இத்தொழிலின் இயல்பை ஆராய்ந்தறிதல் நமக்குப் பயனுடைத்து.

பழம்பொருள் என்பது விரிந்த சொல். ஆடை, மரச்சாமான், கடிகாரம், பீங்கான், இசைத்தட்டு முதலிய அனைத்தும் அதனுள் அடங்கும். அவை யாவற்றையும் இச்சிறு கட்டுரையிற் கூறப் புகின், ஒன்றையேனும் செவ்வனே கூறியவராகோம். எனவே, கல்லூரியினர்க்கு அணுக்கமான பழைய நூல் ஒன்றையே சான்றாகக் கொள்வாம். இணைய வாணிகம் முதலில் தழைத்தது அமெரிக்க நாட்டிலாதலின், எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அந்நாட்டினின்றே தருவாம். இத்தொழிலில் ஊதியம் எங்கிருந்து பிறக்கிறது? அவ்வூதியம் எப்பொழுது நேரியது, எப்பொழுது நேரியதன்று? இவையே நாம் விடை காண முயலும் வினாக்கள். இவற்றை நாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம். நமது சொந்தத் தவறொன்றின் வாயிலாகவும் கற்றோம். அதனை உரிய இடத்திற் கூறுவாம்.

1. சந்தை வளர்ந்தவாறு

1902-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரில், எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் குருவானவர் ஒரு நற்பணியைத் தொடங்கினார். செல்வர் வீடுகளிற் பயனின்றிக் கிடந்த ஆடைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் அவர் திரட்டினார். வேலையற்ற ஏழைகளைக் கொண்டு அவற்றைச் செப்பனிடுவித்தார். விற்று வந்த பணத்தால் அவர்க்கே கூலி அளித்தார். அப்பணியே பின்னர்க் குட்வில் என்னும் பெயரால் நாடெங்கும் பரவிய அறநிலையமாயிற்று. அதனையொத்த அறக்கடைகளும், நூலகங்கள் நடத்தும் பழநூல் விற்பனைகளும், இறந்தோர் இல்லத்துப் பொருள்களை அவ்வில்லத்திலேயே விற்கும் விற்பனைகளும் மறுவிற்பனையாளர் பொருள் தேடும் களங்கள். அங்கே ஒரு நூல் சில டாலருக்குக் கிடைக்கும். தெரிந்தெடுக்கும் கண் உடையானுக்கு அதுவே முதற்படி.

வாங்கிய நூலை வேண்டுவோனிடம் சேர்ப்பது எவ்வாறு? முன்னாளில் இதுவே பெருந்தடை. சென்னையில், 1985-ஆம் ஆண்டுத் தீக்கு இரையாகுமுன் மூர் மார்க்கெட்டுப் பழநூற் கடைகளைச் சுற்றித் திரிந்த முதியோர் இதனை நன்கு அறிவர். ஒரு நூலை வேண்டியவன், அந்நூல் வந்த நாளில், அது கிடந்த கடையின் முன் வந்து நிற்றல் வேண்டும். மூன்றும் ஒருங்கே கூடுதல் தற்செயலாகவே இருந்தது.

இத்தடை 1995-ஆம் ஆண்டளவில் நீங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அமேசான் என்னும் நூற்கடை இணையத்தில் திறக்கப்பட்டது. செப்டம்பரில், கலிபோர்னியாவில் வாழ்ந்த பியர் ஒமிட்யார் என்னும் கணினிப் பொறியாளர் ஓர் ஏலத் தளத்தை அமைத்தார். 1997-இல் அது ஈபே எனப் பெயர் பெற்றது. அத்தளத்தின் தொடக்க நாள்களில் விலைபோன பொருள் யாது தெரியுமோ? பழுதுபட்ட லேசர் சுட்டுகோல் ஒன்று. அது 14.83 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அறியாது ஏமாந்தாரோ என ஐயுற்று ஒமிட்யார் வினவ, அவர் தாம் பழுதுபட்ட சுட்டுகோல்களையே திரட்டுபவர் என விடையளித்தனராம். எவரும் வேண்டாத பொருள் என ஒன்று அரிது. வேண்டுவோன் இருக்குமிடம் தெரியாமையே குறை என்பது இதனால் விளங்கும்.

1996-இல், கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து ஏப்புக்ஸ் என்னும் தளம், பற்பல பழநூல் வணிகரின் சரக்குப் பட்டியல்களை ஒன்றாக்கித் தேடுவோர்க்கு அளித்தது. பின்னர் 2008-இல் அதனை அமேசானே வாங்கிக்கொண்டது. 2005-இல் தோன்றிய எட்சி, தன் தளத்திற் பழம்பொருளெனக் கூறி விற்பன 20 ஆண்டுகளேனும் பழையனவாதல் வேண்டும் என விதித்தது. அறக்கடைகளும் வாளா இருந்தில. குட்வில் நிலையத்தார் 1999-இலேயே தமக்கென ஓர் ஏலத் தளம் கண்டு, அரிய பொருள்களைத் தாமே பிரித்தெடுத்து அங்கு விற்கலாயினர். எனவே, எளிதில் வந்து கையில் விழும் அரும்பொருள் முன்போல் இப்பொழுது இல்லை.

2. விற்கும் உரிமை

ஆசிரியர் எழுதிய நூலை, பதிப்பாளர் அச்சிட்ட நூலை, அவ்விருவரையும் கேளாது நாம் எங்ஙனம் விற்கலாம் என ஒரு மாணவர் நம்மை வினவினார். நல்ல வினா. இதற்கு விடை கூறும் வழக்குகள் உள.

பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் தாம் வெளியிட்ட ஒரு நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து இதனை விற்கலாகாது என அச்சிட்டிருந்தனர். நியூயார்க்கு நகரத்து மேசி கடையினர் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்றுவிட்ட படியின் பிற்கால விலையைப் பதிப்புரிமை கட்டுப்படுத்தாது என 1908-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. நூலைப் புதிதாக அச்சிடும் உரிமை வேறு. காசு கொடுத்து வாங்கிய ஒரு படியை மீண்டும் விற்கும் உரிமை வேறு என்பது கருத்து.

நூறாண்டு கழிந்தபின் ஒரு மாணவர் வாயிலாக இவ்வினா மறுபடியும் எழுந்தது. சுபாப் கிர்ட்சேங் என்பவர் தாய்லாந்திலிருந்து கணிதம் பயில அமெரிக்கா சென்றவர். ஒரே பாட நூல் தம் நாட்டில் மலிவாகவும் அமெரிக்காவில் பெருவிலைக்கும் விற்பதைக் கண்டார். சுற்றத்தார் தாய்லாந்தில் வாங்கி அனுப்ப, ஈபே தளத்தில் விற்று ஊதியம் பெற்றார். ஜான் வைலி பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். கீழ் மன்றத்தில் 8 நூல்கள் பற்றி, நூலொன்றுக்கு 75,000 டாலராக, 6,00,000 டாலர் செலுத்துமாறு அவர்மீது தீர்ப்பாயிற்று. 2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அத்தீர்ப்பை மாற்றியது. முறைப்படி அச்சான படி எந்நாட்டில் அச்சானதாயினும், அதனை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்பது முடிபு.

ஆயின் இவ்வுரிமை தாளில் அச்சான நூலுக்கே உரியது. கணினியில் மட்டும் இருக்கும் படியை ஒருவர் பிறர்க்கு அனுப்பும்போது புதியதொரு படி பிறந்துவிடுகிறது. இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்னும் நிறுவனத்தார் வழக்கில், 2018-இல் நியூயார்க்கு மேல்முறையீட்டு மன்றம் இதனையே காரணம் காட்டி அவ்விற்பனையை மறுத்தது. எனவே, மாணவ அன்பர்களே, நும் பெட்டியிலுள்ள பழந்தாள் நூல் மின்னூலுக்கு இல்லாத ஓர் உரிமையை உடையது.

3. விலை அறியும் முறை

விற்கும் உரிமை உண்டு. என்ன விலைக்கு விற்பது? தொடக்கத்தார் பெரும்பாலும் இடறி விழும் இடம் இதுவே. தளத்தில் ஒரு நூலுக்கு ஒருவர் 300 டாலர் கேட்டிருப்பதைக் கண்டவுடன், தம் கையிலுள்ள படியும் 300 டாலர் பெறும் என மகிழ்கின்றனர். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

இதற்கு நகைப்புக்குரிய சான்று ஒன்றுண்டு. பீட்டர் லாரன்ஸ் என்னும் அறிஞர் ஈயின் கருவளர்ச்சி பற்றி எழுதிய உயிரியல் நூலொன்றை 2011-ஆம் ஆண்டில் அமேசான் தளத்தில் இருவர் விற்பனைக்கு வைத்திருந்தனர். இருவரும் விலையிடும் வேலையைக் கணினிக்கு விட்டிருந்தனர். ஒருவர் கணினி மற்றவர் விலையினும் மிகச் சிறிதே குறைத்து விலையிட்டது. மற்றவர் கணினியோ முன்னவர் விலையை ஏறக்குறைய 1.27 மடங்காக்கியது. இவ்வாறு ஒன்றையொன்று துரத்தி ஏறிய விலை, ஏப்ரல் 18-ஆம் நாளன்று 2,36,98,655 டாலரை எட்டிற்று! அவ்விலைக்கு வாங்குவாரில்லை. விற்போன் விரும்புவது கேட்ட விலை; வாங்குவோன் மனமுவந்து கொடுத்தது விற்ற விலை. ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காண வழியுண்டு. அதனை நோக்காது விலையிடுவோன் இருளில் அம்பெய்வோனாவான்.

நூலின் விலையை மூன்று உறுப்புகள் வகுக்கும். அவை பதிப்பு, நிலை, வேட்கை என்பன.

பதிப்பாவது, இப்படி எத்தனையாம் அச்சைச் சேர்ந்தது என்பது. அண்மைக் காலத்து ஆங்கில நூல்கள் பலவற்றில், பதிப்புரிமைப் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மறு அச்சிலும் சிற்றெண்ணை நீக்கிவிடுவர். எஞ்சியவற்றுட் சிறியது எதுவோ அதுவே அச்சின் எண். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997-இல் லண்டன் நகரில் வெளியானபோது, கெட்டி அட்டையிட்ட படிகள் 500 மட்டுமே அச்சாயின. அவற்றுட் பெரும்பகுதி நூலகங்கட்குச் சென்றது. 53-ஆம் பக்கத்துப் பொருட்பட்டியலில் மந்திரக்கோல் இருமுறை வந்துள்ள அச்சுப்பிழையும் அதன் அடையாளங்களுள் ஒன்று. அம்முதலச்சுப் படியொன்று 2021-இல் அமெரிக்க ஏலத்தில் 4,71,000 டாலருக்கு விற்றது. பின்னர் இலட்சக்கணக்கில் அச்சான அதே நூல் பழநூற் கடையிற் சில காசே பெறும். கதை ஒன்றே, படி வேறு.

நிலையாவது, நூலின் உடல்நலம். பூச்சியரிப்பு, நீர்க்கறை, கிழிவு, கோடிட்ட வரிகள், நூலக முத்திரை ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். மேலுறை இருத்தலும் இல்லாமையும் செய்யும் வேறுபாடு வியப்புக்குரியது. 1925-இல் வெளியான ஃபிட்ஸ்ஜெரால்டின் 'த கிரேட் கேட்ஸ்பி' நாவலின் முதலச்சுப் படி மேலுறையின்றிச் சில ஆயிரம் டாலர் பெறுமாயின், மேலுறையோடு இலட்சத்துக்கு மேலும் பெறுகிறது. படிப்பதற்கு வேண்டாதது எனக் கிழித்தெறியப்பட்ட ஒரு தாளே இன்று நூலினும் பன்மடங்கு விலையுடையதாயிற்று.

வேட்கையாவது, அந்நூலை வேண்டுவோர் உளராதல். மிகப் பழையதாயினும் வேண்டுவாரில்லாத நூல் விலைபோகாது. பழமை ஒன்றே மதிப்பு என எண்ணுதல் பேதைமை.

இக்காலத்தில், கைப்பேசியால் நூலின் பட்டைக்கோட்டைப் படித்து நொடியில் விலையறிவோர் அமெரிக்க நூலக விற்பனைகளிற் கூட்டமாகத் திரிகின்றனர். ஆயின் நூல்கட்குப் பன்னாட்டு எண் வழங்கும் முறை 1970-இல்தான் தோன்றிற்று. அதற்கு முற்பட்ட நூல்களில் பொறி படிக்கத்தக்க பட்டைக்கோடு இல்லை. அங்கே பொறி குருடாகிறது. கற்றவன் கண்ணே காண்கிறது.

4. ஊதியக் கணக்கு

இனி ஒரு கணக்கிட்டுப் பார்ப்பாம். ஒருவர் 4 டாலருக்கு வாங்கிய நூலை அஞ்சற் செலவு உட்பட 25 டாலருக்கு விற்றனர் எனக் கொள்க. தளத்தார் கட்டணம் நூற்றுக்கு 13 எனக் கொண்டால் 3.25 டாலர். அஞ்சற் செலவு 5 டாலர். பொதியும் அட்டை முதலியன 1 டாலர். எஞ்சுவது 11.75 டாலர். நான்கு டாலர் மூன்று மடங்காயிற்று என மகிழலாம் போலும்!

ஆனால் உழைத்த நேரத்தை எண்ணுக. நான்கு மணி நேரம் அலைந்து, விற்கத்தக்க நூல்கள் நான்கு கொணர்ந்தால், நூலொன்றுக்கு ஒரு மணி நேரம். தூசு துடைத்து, பதிப்பை ஆராய்ந்து, படமெடுத்து, விளக்கம் எழுத அரைமணி. பொதிந்து அஞ்சல் நிலையத்திற் சேர்க்க அரைமணி. ஆக இரண்டு மணி நேரத்துக்கு 11.75 டாலர், மணிக்கு ஆறு டாலரும் இல்லை. அமெரிக்கக் கூட்டரசு 2009-இல் விதித்த மிகக் குறைந்த கூலியோ மணிக்கு 7.25 டாலர். விற்காது அலமாரியிற் கிடக்கும் நூல்களையும், திருப்பியனுப்பப்படும் நூல்களையும் கணக்கிற் சேர்த்தால் இதுவும் குறையும்.

அவ்வாறாயின், இத்தொழிலில் வாழ்வோர் எங்ஙனம் வாழ்கின்றனர்? அதே நான்கு டாலருக்கு, அதே இரண்டு மணி நேர உழைப்பில், 200 டாலர் பெறும் நூலை அவர் இடையிடையே கண்டெடுக்கின்றனர். அலைந்த நேரம் ஒன்றே. பொதிந்த உழைப்பும் ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியது அறிவு. எனவே இவ்வாணிகத்தில் உண்மையான முதல் பணமன்று, அறிவே என்பது பெறப்படும்.

இங்கேதான் நம் வினாவின் கடுமை தொடங்குகிறது. அறிவால் ஊதியம் பிறக்கிறது எனின், அவ்வறிவு இல்லாத ஒருவர் எதிரே இருந்தனர் என்பதும் உடன் பெறப்படுமன்றோ?

5. இரு புறத்து அறியாமை

மறுவிற்பனையாளன் இரண்டு அறியாமைகட்கு நடுவே நிற்பவன். அவனுக்கு விற்பவர் தம் பொருளின் மதிப்பை அறியார். அவனிடம் வாங்குபவர் தாம் கண்ணாற் காணாத பொருளின் குறைகளை அறியார். இரண்டையும் அறிந்தவன் அவன் ஒருவனே.

இவற்றுட் பின்னதைப் பொருளியலறிஞர் நன்கு ஆராய்ந்துள்ளனர். ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்பார் 1970-இல், பழைய மோட்டார்க் கார்களின் சந்தையைச் சான்றாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டி நல்லதோ தீயதோ என விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே வாங்குபவன் எவ்வண்டிக்கும் நடுத்தரமான விலையே கொடுக்கத் துணிவான். நல்ல வண்டி உடையவன் அவ்விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு நீங்குவான். நீங்கவே, எஞ்சியவற்றின் தரம் தாழும். அதனை உணர்ந்து வாங்குவோர் விலையை மேலும் தாழ்த்துவர். இவ்வாறே சென்றால் சந்தையே அழியவுங்கூடும். இக்கட்டுரையை முதலில் மூன்று ஆய்விதழ்கள் ஏலாது மறுத்தன. 2001-இல் அதன் ஆசிரியர் பொருளியலுக்குரிய நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? குறையை மறைப்போன் தன்னிடம் வாங்கிய ஒருவனை மட்டும் கெடுத்தானல்லன். நேர்மையாக விற்கும் ஏனையோர் விலையையும் தாழ்த்துகிறான். இதனை உணர்ந்தே ஈபே தளத்தார் 1996-இலேயே, விற்போரும் வாங்குவோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லோரும் காண எழுதிவைக்கும் முறையை ஏற்படுத்தினர். முகமறியாதார் இருவரிடையே நம்பிக்கை பிறக்க அது துணை செய்தது. நீர்க்கறையைப் படத்திற் காட்டுக. காணாத பக்கத்தின் எண்ணைக் கூறுக. ஐந்தாம் அச்சை முதலச்சு என்னற்க. வாங்குவோன் அறியாமையை இவ்வாறு போக்குதல் அறமும் ஆகும், நெடுநாள் வாணிகத்துக்கு முதலும் ஆகும்.

6. விற்பவர் அறியாமை

முன்னதாகிய அறியாமையோ இத்துணை எளிதிற் தீர்வதன்று. ரோம நாட்டறிஞர் சிசரோ, கி.மு. 44-இல் கடமைகள் பற்றி எழுதிய நூலில் இவ்வினாவை ஆராய்கிறார். ரோட்ஸ் தீவிற் பஞ்சம். தானியம் ஏற்றிய கப்பலொன்று முதலில் வந்து சேர்கிறது. வேறு பல கப்பல்கள் பின்னே வருவதை அவ்வணிகன் அறிவான், தீவினர் அறியார். அவன் அதனைக் கூற வேண்டுமோ? கூறாதிருத்தல் பொய்யாகாது என ஒரு சாராரும், பிறர் அறிந்தாற் பயன்பெறும் செய்தியை ஊதியத்தின் பொருட்டு மறைத்தல் தகாது என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். சிசரோ பின்னவரையே சார்கிறார். அந்நூலிலேயே ஸ்கைவோலா என்பாரின் செய்தியும் வருகிறது. அவர் ஒரு நிலத்தை வாங்கப் புகுந்து, உரியவர் கூறிய விலையினும் அதன் மதிப்பு மிகுதி எனக் கண்டு, இலட்சம் செஸ்டர்ஸ் காசு கூட்டிக் கொடுத்தனராம். அது நல்லவர் செயல் என்பதை எவரும் மறுத்திலர். அறிவுடையார் செயலன்று என்றே பலரும் கூறினர்.

சட்டம் இத்துணை உயரம் செல்வதில்லை. 1815-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், போர் முடிந்த செய்தியை முந்தியறிந்த ஆர்கன் என்னும் வணிகர், அதனையறியாத மற்றொரு வணிகரிடம் 111 பீப்பாய்ப் புகையிலை வாங்க விலை பேசினார். விலையை உயர்த்தும் செய்தி ஏதேனும் உண்டோ என விற்பவர் சார்பில் வினவப்பட்டது. பின்னர்ச் செய்தி பரவ, விலை நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறிற்று. 1817-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தான் அறிந்ததை வாங்குபவர் தாமே கூறவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்றது. ஆயினும் மற்றவரை ஏமாற்றும் சொல்லும் செயலும் கூடா. அத்தகைய ஏமாற்று நிகழ்ந்ததோ என ஆராய்க எனக் கீழ் மன்றத்துக்குத் திருப்பிற்று. மௌனத்துக்கு இடமுண்டு, வஞ்சனைக்கு இடமில்லை என்பது அதன் எல்லை.

இவ்வெல்லைக்குள் நின்றே நாம் தவறினோம். சில ஆண்டுகட்கு முன், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் காலமானார். அலமாரிகளை ஒழிக்க விரும்பிய அவர் மனைவியார், பழைய காகிதக் கடைக்காரன் எடைக்குக் கேட்பதாகக் கூறி, "வேண்டியதை எடுத்துக்கொள் தம்பி, இதெல்லாம் எடைக்குப் போடுவதற்குத்தானே ஆகும்?" என்றனர். அவற்றுள், ஏறக்குறைய அறுபது ஆண்டுகட்கு முன் சிறிதளவே அச்சாகிப் பின்னர் மறுபதிப்புக் காணாத ஊர் வரலாற்று நூல் ஒன்று இருந்ததை நாம் கண்டோம். அதன் மதிப்பை அறிவோம். ஆயினும், "ஆம் அம்மா" என்னும் ஒரு சொல்லே நம் வாயினின்று வந்தது. இருபது நூல்களுக்கு 500 ரூபாய் கொடுத்தோம். காகிதக் கடைக்காரன் கொடுப்பதினும் மிகுதி என அவர் நம்மை வாழ்த்தினார். அவ்வொரு நூல் மட்டும் இணையத்தின் வழியே 4,000 ரூபாய்க்கு விற்றது.

எஞ்சிய நூல்களைத் துடைத்து அடுக்கும்போது, ஒன்றின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்டோம். அது நம் கல்லூரியிலே தமிழ்க் கட்டுரைக்காக அவ்வாசிரியர்க்கு வழங்கப்பட்ட பரிசுச் சீட்டு. அதனைக் கண்ட பின்னர் அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மறுநாள் அப்பணத்திற் பாதியோடும் அப்பரிசு நூலோடும் அவ்வீட்டுக்குச் சென்று, நிகழ்ந்ததை ஒளியாது கூறினோம். அம்மையார் பணத்தை எண்ணவில்லை. நெடுநேரம் கழித்து, "புத்தகம் வாங்கியே சம்பளத்தைத் தொலைக்கிறீர்கள் என்று நாற்பது வருஷம் அவரை ஏசினேனே, தம்பி. அவர் வாங்கியது இப்படிப்பட்ட பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்றார்.

நாம் அவரிடமிருந்து எடுத்தது பணம் மட்டும் என எண்ணியிருந்தோம். தம் கணவர் அறிவுடையார் என்பதை அவர் அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் எடுத்துச் சென்றிருந்தோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

இதனால், விற்பவர் இருவகையினர் எனப் பிரித்து உணர்தல் வேண்டும். கடை வைத்து விலை குறித்து விற்போன், தன் தொழிலின் ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டவன். அவன் குறித்த விலைக்கு அரிய நூலை வாங்குதல், வாங்குவோன் கல்விக்குக் கிடைத்த கூலி. அதில் இழுக்கில்லை. நம்மை அறிந்தவர் என நம்பி, இதன் மதிப்பு யாது என வினவும் இல்லத்தாரோ, வணிகரல்லர். அவர் நம்மிடம் பொருளோடு நம்பிக்கையையும் ஒப்படைக்கின்றனர். அவரிடம் மௌனமும் பொய்யே.

7. நம் நாட்டார்க்கு இரு செய்திகள்

ஒன்று எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிற்பம், நாணயம் போன்றனவும், 75 ஆண்டுக்குக் குறையாத பழமையும் வரலாறு, இலக்கியம், அறிவியல், கலை என்பன பற்றிய மதிப்பும் உடைய கையெழுத்துப்படிகளும் ஆவணங்களும் தொல்பொருளாம். அவற்றை உரிமமின்றி வாணிகம் செய்தலும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலும் குற்றம். பாட்டன் பெட்டியிற் கிடந்த ஏட்டுச்சுவடியை இணையத்தில் அயல்நாட்டார்க்கு விற்க முயலும் மாணவர் இதனை முன்னரே அறிதல் நன்று.

மற்றொன்று ஊக்கம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்பார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழநூற் கடைகளிலே தேடித் தேடி, பிறர் குப்பையெனத் தள்ளிய நூல், இதழ், துண்டு வெளியீடு ஆகியவற்றை வாழ்நாளெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1994-இல் அத்தொகுதியை விலைகொடுத்துப் பெற்று, கடல் கடத்தாது தமிழ்நாட்டிலேயே வைத்தனர். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவ்வாறு பிறந்ததே. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் நாடும் இடங்களுள் அஃது ஒன்று. எடைக்குப் போகவிருந்த தாளை நூலகமாக்கியது எது? மதிப்பை அறியும் அறிவே.

8. முடிவுரை

பழம்பொருள் வாணிகம் இழிந்த தொழிலன்று. அழியவிருந்த பொருளைக் காத்து, வேண்டுவோன் கையிற் சேர்ப்பதால் அஃது உலகுக்கு உதவுகிறது. ஊதியம் அவ்வுதவிக்கும் அதற்கு வேண்டிய கல்விக்கும் உரிய கூலி. பிறர் அறியாமையைப் போக்கிப் பெறும்போது அக்கூலி நேரியது. நம்பியவர் அறியாமையை வளரவிட்டுப் பெறும்போது நேரியதன்று.

மாணவ அன்பர்களே, நீவிர் பழைய நூல்களை வாங்குக, விற்குக, ஊதியமும் பெறுக. ஒரு நூலை விற்குமுன் அதன் உள்ளட்டையை ஒருமுறை திறந்து பார்ப்பீராக. அங்கே ஒருவர் பெயர் எழுதியிருக்கக்கூடும். அவர் இல்லத்தார்க்குச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டோ என நும் நெஞ்சை வினவிய பின்னர் விலை குறிப்பீராக. நாம் அம்மையாரிடம் திருப்பிச் சேர்த்த அப்பரிசு நூல் இன்றும் அவர் வீட்டு மாடத்தில், அவர் கணவரின் படத்தருகே இருக்கிறது.